மலையில்லா நாட்டில் மலையோட்டம்

மலைநாட்டிற் பிறந்தவனுக்கு மலை ஏறுதல் ஒரு வித்தையன்று, அன்றாட வழக்கம். கடற்கரையிற் பிறந்தவனுக்கு நீச்சலும் அவ்வாறே. ஆனால், சமவெளியிற் பிறந்து, வயலையும் காட்டையும் குளத்தையுமே கண்டு வளர்ந்த ஒருவன், "நான் மலையோட்டம் பழகுகிறேன்" என்று சொன்னால் கேட்பவர் நகைப்பதில் வியப்பில்லை. நாமும் முதலில் நகைத்தோம். பிறகு, நகைத்ததற்காக வெட்கப்பட்டோம். அந்தக் கதையையே இங்கே சொல்ல வந்தோம்.

வன்னிப் பெருநிலத்தில், கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், ஞாயிறுதோறும் இளைஞரும் யுவதிகளும் கூடி மலையோட்டப் பயிற்சி செய்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். "மலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். "வந்து பாருங்கள்" என்பதே அவர் தந்த மறுமொழி. அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டோம்.

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் கண்டி வீதியை ஏ-9 வீதி என்று கூறுவதே இன்று பெருவழக்கு. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே செல்கின்றன. இருமருங்கிலும் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு. காடு விலகும் இடங்களில் வயல். வயலுக்கு அப்பால் எங்கேனும் ஒரு குளக்கட்டு. வீதி ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வழக்கம்போல் பேருந்து நின்றது. சாரதி தேங்காய் உடைத்தார். பயணிகள் கற்பூரம் ஏற்றினர். வறுத்த கச்சான் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறினோம். அதுவரையில் மலை என்று சொல்லத்தக்க ஒரு மேட்டைக்கூட நாம் காணவில்லை.

குளக்கட்டே மலை

ஞாயிறு காலை, இருள் பிரியுமுன் நண்பரும் நாமும் சைக்கிளில் குளத்தை அடைந்தோம். முதல் நாள் இரவு யானை வந்து சென்றதற்கு அடையாளமாக வழியில் ஒரு வாழைத்தோட்டம் சரிந்து கிடந்தது. அதனால், "விடியும்வரை ஒருவரும் தனியே ஓடக்கூடாது" என்பது அக்கழகத்தின் முதல் விதி. குளத்தடி மருதமரத்தின் கீழ் இருபது பேர்வரை கூடியிருந்தனர். அவர்களுள் ஏழெட்டுப் பேர் பெண்பிள்ளைகள். சிலருடைய கால்களில் சப்பாத்து இருந்தது, பலருக்கு வெறுங்கால். அயற்பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர் ஒருவரே அவர்களுக்குப் பயிற்சியாளர்.

"மலை எங்கே, தம்பி?" என்று ஓர் இளைஞனைக் கேட்டோம். அவன் குளக்கட்டைக் காட்டினான்.

"மலை இல்லாட்டி என்ன ஐயா, எங்களுக்குக் கட்டு இருக்குத்தானே!"

கட்டின் உயரம் ஏறக்குறைய முப்பது அடி. அதாவது 9 மீற்றர். கட்டின் மேல் வழியாகவும் ஊர் வீதி வழியாகவும் முதலில் ஒரு நெடிய ஓட்டம். அதன்பின் கட்டின் வெளிச்சரிவில் மாடுகள் ஏறி இறங்கி உண்டான தடத்தில் இருபது தடவை ஏறி, இருபது தடவை இறங்க வேண்டும். இதுவே ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. இருபது ஏற்றம் சேர்ந்தால் 180 மீற்றர். சிவனொளிபாதமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர். ஆயினும், அடிவாரமாகிய நல்லதண்ணியிலிருந்து யாத்திரிகர் ஏறும் உயரம் ஏறக்குறைய 1,000 மீற்றரே. கட்டில் நூற்றுப்பதினொரு தடவை ஏறினால் அந்த உயரம் வந்துவிடும். ஆகவே, ஆறு ஞாயிறு தவறாது வருபவர் தம் ஊரை விட்டு நீங்காமலே ஒரு சிவனொளிபாதமலையை ஏறிவிடுகிறார்! சனசமூக நிலையத்தின் கரும்பலகையில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, "ஏறிய மலை: ஒன்று, ஒன்றரை, இரண்டு" என்று எழுதப்பட்டிருந்ததைப் பின்னர் கண்டோம்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எதிர்ப்பு எழுந்ததுண்டு. சரிவில் இடைவிடாது கால்கள் பட்டால் புல் அழியும். புல் அழிந்தால் மாரியில் மண் கரையும். மண் கரைந்தால் கட்டுக்கு ஆபத்து. கட்டுக்கு ஆபத்தென்றால் காலபோகத்துக்கே ஆபத்து. கமக்காரர் அமைப்பினர் இதைச் சொன்னபோது இளைஞர்கள் முரண்டு பிடிக்கவில்லை. மாரிகாலத்தில் சரிவில் ஓடுவதில்லை என்றும், மாரிக்கு முன் தடத்துக்கு மண் இட்டுப் புல் பதிப்பது தம் பொறுப்பு என்றும் ஒப்புக்கொண்டனர். 2018 ஆம் ஆண்டு டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பெருகியதை அறிந்தவர்கள் அவர்கள். குளக்கட்டு எத்தகைய பொருள் என்பதை வன்னிப் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மலைநாட்டு ஆச்சி

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே கடினம் என்பது மலையோட்டக்காரர் அனைவரும் அறிந்த உண்மை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி எடுக்கிறது. பழகப் பழக அந்த வலி குறைகிறது.

இறங்கும் வகையை அங்கே கற்பித்தவர் விளையாட்டு ஆசிரியர் அல்லர். கட்டின் அடியில், ஒரு சாக்கை விரித்து அமர்ந்திருந்த எழுபது வயது மூதாட்டி ஒருவரே.

"நேரா எறங்காதீங்க தம்பி! சாஞ்சு, சாஞ்சு எறங்குங்க. வச்ச காலைப் பாக்காதீங்க. வைக்கப்போற எடத்தைப் பாருங்க!"

பேச்சைக் கேட்டவுடன் அவர் வன்னியிற் பிறந்தவர் அல்லர் என்று உணர்ந்தோம். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்திற் பிறந்து, பதினாறு வயதிற் பெரட்டுக்குப் போகத் தொடங்கி, முதுகிற் கூடையும் கையிற் கொழுந்துமாகச் செங்குத்துச் சரிவுகளில் ஏறி இறங்கியவர் அவர். 1977 ஆம் ஆண்டின் வன்செயலின்போது உடுத்த துணியோடு தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அந்த ஆண்டிலும் அதற்கு முன்னும் பின்னும் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறினர். வன்னியின் பல ஊர்களில் இன்று மண்வெட்டி பிடிக்கும் கைகள், ஒரு தலைமுறைக்கு முன் கொழுந்து கிள்ளிய கைகளின் பிள்ளைகளே. அவ்வூர்ப் பிள்ளைகள் அவரை மலைநாட்டு ஆச்சி என்று அழைக்கிறார்கள். மலையில்லா நாட்டுக்கு மலையைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவரே என்றால் மிகையாகாது.

"ஒவ்வொரு ஞாயிறும் வருவீர்களா, ஆச்சி?" என்று கேட்டோம்.

"வராம எங்க போறேன்? நான் என் வயசுல ரெண்டு தரம் ஓடியிருக்கேன் ஐயா. எழுபத்தேழுல ஒரு தரம். ரெண்டாயிரத்து ஒம்பதுல ஒரு தரம். ரெண்டும் பயத்துல ஓடுன ஓட்டம். இந்தப் புள்ளைங்க சும்மா ஓடுதுங்க பாருங்க, யாரும் வெரட்டாம! அதைப் பாக்கத்தான் வந்து குந்தியிருக்கேன்."

நாம் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் நின்றோம்.

காலடியில் நம்பிக்கை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி அந்த ஊருக்கு அருகே செல்கிறது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று அவ்வீதியின் ஊர்ப்பெயர்களை அடுக்கிச் சொன்னாலே போதும். வன்னியில் வயது வந்தோர் மௌனமாகிவிடுவர். 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், பிள்ளைகளைத் தோளிலும் மூட்டைகளைத் தலையிலும் சுமந்து, நின்று ஓடி, ஓடி நின்று, கடற்கரைவரை மக்கள் சென்ற வழி அது. மே 18 ஆம் நாள் யுத்தம் முடிந்தபோது, உயிர் தப்பியவருள் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் வவுனியா முகாம்களில் இருந்தனர். அவற்றுட் பெரியதாகிய மெனிக்பாம் முகாம் 2012 ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வீடு இருக்கவில்லை என்பது ஒரு துயரம். நிலம் இருந்தும் அதில் நடக்க இயலாதிருந்தது மற்றொரு துயரம். தென்னந்தோப்பிலும் வயல் வரம்பிலும் குளத்தின் அலைகரையிலும் மிதிவெடிகள் புதைந்து கிடந்தன. "தடத்தை விட்டு இறங்காதே" என்பதே அக்காலத்து வன்னிக் குழந்தைகள் கற்ற முதற்பாடம். மண்டையோட்டுப் படம் வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த அடியிலேயே திரும்பி நடக்கவேண்டும் என்று பாடசாலைகளில் கற்பித்தார்கள். இராணுவத்தினரும், உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனத்தினரும் ஆண்டுக்கணக்காக மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்து வெடிகளை அகற்றினர். அப்பணியில் அமர்ந்தவருள் வன்னிப் பெண்கள் பலர். கணவனை யுத்தத்தில் இழந்து, குடும்பத்தைக் காக்க முழந்தாளிட்டு மண் கிளறிய தாய்மாரும் அவர்களுள் அடங்குவர். மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 ஆம் ஆண்டு டிசெம்பரில் இணைந்தது.

ஓடுவது என்றால் என்ன? ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் இரு கால்களும் நிலத்தை விட்டு எழுகின்றன. திரும்ப இறங்கும் இடத்தில் மண் நம்மைத் தாங்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருவராலும் ஓட இயலாது. தார் வீதியில் ஓடுவதற்கு அதிக நம்பிக்கை வேண்டியதில்லை. புல் மூடிய சரிவில், மாட்டுத் தடத்தில், வெறுங்காலோடு ஓடுவதற்கு மிகுந்த நம்பிக்கை வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் தடத்தை விட்டு இறங்க அஞ்சியவர்கள். பிள்ளைகளோ கட்டின் உச்சியிலிருந்து கூச்சலிட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். எமது நகைப்பு எங்கே போயிற்று என்பதை நாம் அறியோம்.

உலகமும் ஊரும்

மலையில் ஓடுவது நம்மவர் கண்டுபிடித்த புதுமையன்று. ஸ்கொத்லாந்தில் பென் நெவிஸ் என்னும் மலை உண்டு. உயரம் 1,345 மீற்றர். நமது பிதுருதலாகல மலையின் 2,524 மீற்றரோடு ஒப்பிட்டால் அது சிறியதே. 1895 ஆம் ஆண்டு, அடிவார நகராகிய போர்ட் வில்லியத்தைச் சேர்ந்த வில்லியம் சுவான் என்பவர், நகரிலிருந்து உச்சிவரை ஓடி, 2 மணி 41 நிமிடத்தில் திரும்பி வந்தார். அவர் செய்த தொழில் சிகையலங்காரம். படைவீரரோ, பெருஞ்செல்வரோ அல்லர். இன்றும் ஆண்டுதோறும் செப்டெம்பரில் அம்மலையில் ஓட்டப்போட்டி நடக்கிறது. சுவிற்சர்லாந்தில் சியேர் நகரிலிருந்து சினால் என்னும் மலைக்கிராமம்வரை 31 கிலோமீற்றர் ஓடும் போட்டி 1974 இல் தொடங்கியது. எந்த நாட்டிலும் இத்தகைய கழகங்கள் ஊரவர் சிலர் வாரத்தில் ஒருநாள் கூடுவதிலேதான் ஆரம்பிக்கின்றன.

நமக்கு அண்மையிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 2023 ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், எழுபது வயதைக் கடந்த முல்லைத்தீவுப் பெண்மணி அகிலத்திருநாயகி, 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கங்களும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கமும் வென்றார். அவருடைய படம் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, சனசமூக நிலையச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது.

ஓட்டத்துக்கு முன்பே நம்மவரிடம் நடை இருந்தது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை அடியார்கள் கால்நடையாகச் செல்லும் பாதயாத்திரை வன்னி வழியே செல்கிறது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைத் தரிசித்து, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தை முருகனை வணங்கி, குமண, யால காடுகளைக் கடந்து, ஒரு மாதத்துக்கு மேலாக நடந்தபின் கதிர்காமத்தை அடைகிறார்கள். அங்கும் அவர்கள் ஓய்வதில்லை. கதிரமலையின் உச்சிக்கும் ஏறுகிறார்கள். ஆகவே, சமவெளி மக்கள் மலையை நோக்கிப் பயணப்படுவது இந்நாட்டில் என்றும் உள்ள வழக்கமே.

ஞாயிற்றுச் செய்திகள்

ஓட்டம் முடிந்ததும் சனசமூக நிலையத்தில் பிளேன்ரீயும் பனங்கட்டியும் வழங்கப்பட்டன. பின்னர் கழகத்தின் வாரக்கூட்டம் கூடியது. செய்திகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. ஓர் உறுப்பினரின் தமக்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, கைதட்டல். உயர்தரப் பரீட்சை எழுதும் மூவர் இரு மாதங்களுக்கு வரமாட்டார்கள். அவர்களுடைய 'மலைக்கணக்கு' நிறுத்திவைக்கப்படும். மருத்துவமனை இரத்ததான முகாமுக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் அந்த வாரம் ஓடக்கூடாது என்று ஆசிரியர் எச்சரித்தார். கட்டுக்கு மண் இடும் சிரமதானம் அடுத்த போயா நாளன்று நடக்கும். மண்வெட்டி உள்ளவர் கொண்டுவரவும்.

இறுதியில், பிணக்குக்குரிய விடயம் வந்தது. மாரி கழிந்தபின், பருவகாலம் முடியுமுன், கழகத்தினர் சிவனொளிபாதமலைக்குச் செல்வதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். கட்டில் ஏறிய கணக்கு மெய்யான மலையிலும் சரிவருமா என்று சோதிக்கும் பயணம் அது. தகரப்பெட்டியிற் சேர்ந்த பணம் பயணச் செலவுக்குப் போக, இரண்டு சோடிச் சப்பாத்துக்கே போதும். அந்தப் பணத்தில் சப்பாத்து வாங்குவதா, அல்லது ஆச்சியையும் அழைத்துச் செல்வதா என்பதே வழக்கு.

"ஆச்சி மலையேற மாட்டாதானே, பிறகேன் காசை வீணாக்குவான்?" என்று ஒருவன் கேட்டான். அவன் வெறுங்காலன், அவன் கேட்டதிற் பிழையில்லை. வேறொரு வெறுங்காலன் எழுந்து, "எங்களுக்கு இறங்கக் காட்டித் தந்தது அவதானே? அவவின்ர மலையை அவ பார்க்கவேணாமே?" என்றான். சற்று நேரம் விவாதம் நடந்தது, குரல்கள் உயர்ந்தன. பின்னர் கை உயர்த்தச் சொன்னார்கள். ஆச்சிக்காகப் பதினான்கு கைகள் உயர்ந்தன. முதலில் மறுத்தவனின் கையும், சற்றுத் தாமதித்து, உயர்ந்தது.

செய்தி சொல்ல இருவர் ஓடினார்கள். நாமும் பின்னே சென்றோம். ஆச்சி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்து லயத்து வாசலில் நின்றால், மேகம் இல்லாத காலையில், அந்த மலையின் கூர்ந்த உச்சி தெரியுமாம். அதைக் கடைசியாகக் கண்டது 1977 இல். செய்தியைக் கேட்டு அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "நான் ஏற மாட்டேன். கீழ நின்னு பாக்குறேன்" என்று மட்டும் சொன்னார். சற்றுப் பொறுத்து, "எறங்குறப்போ அவசரப்படாதீங்க. அங்க படி ஈரமா இருக்கும்" என்றார்.

விடைபெறும்போது, கழகத்தின் பெயரைக் கட்டுரையிற் குறிக்கலாமா என்று ஆசிரியரைக் கேட்டோம். அவர் கைகூப்பி மறுத்தார். "எங்களை மட்டும் எழுதினால் அயலூர்க்காரர் கோபிப்பினம் ஐயா. பொங்கலுக்கும் வருசப்பிறப்புக்கும் எல்லா ஊரிலயும் மரதன் ஓட்டம் நடக்குது. எல்லாப் பிள்ளையளும் ஓடுதுகள். ஓடுதுகள் எண்டு மட்டும் எழுதுங்கோ" என்றார்.

அவ்வாறே எழுதுகிறோம். வன்னியில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், எவரும் துரத்தவில்லை.